எங்கள் ஊர் கிளை நூலகம்: பேப்பர் படிக்க இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை

பிரியாணிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் விமர்சனம் எழுத எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. பழைய சந்தைத் தெருவில் இருக்கும் கிளை நூலகத்துக்கு ஒரு வரிகூட இல்லை. வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அந்த நூலகத்துக்கும் சேர்த்துத்தான் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம், அப்படியிருக்க அது எப்படி நடக்கிறது என்று யாருமே பேசாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். புத்தகப் பகுதியைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். நான் அதிகம் உட்கார்வது செய்தித்தாள் பகுதியில், இது அதைப் பற்றி மட்டும்தான்.

எங்களுடையது காவிரிப் படுகையில் ஒரு சின்ன நகராட்சி. நூலகம் காலை 8 மணிக்குத் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே போனதும் இடது பக்கம் நீளமான மேசை, சுவரோரம் இரும்பு நாற்காலிகள். தினத்தந்தி, தினமலர், தினமணி, தினகரன், இந்து தமிழ் திசை, தீக்கதிர் எல்லாம் வருகின்றன, ஆங்கிலத்தில் இந்து வருகிறது, கட்சிப் பத்திரிகைகளும் உண்டு. உறுப்பினர் அட்டை எதுவும் கேட்க மாட்டார்கள். வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான்.

சீக்கிரம் போனால் முழுப் பேப்பர் கையில் கிடைக்கும். 9 மணிக்கு மேல் போனால் தாள் தாளாகத்தான். முதல் பக்கம் இருக்கும் தாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் இருக்கும், விளையாட்டுப் பக்கம் காலேஜ் பையனிடம், மாவட்டச் செய்தி உரக்கடைக்காரரிடம், நடுப்பக்கக் கட்டுரை மட்டும் யாரும் தொடாமல் மேசையில் மின்விசிறிக் காற்றுக்குப் படபடத்துக்கொண்டு கிடக்கும். "சார், முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டு வாங்கித்தான் படிக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம், எனக்கு இதில் குறையே தெரியவில்லை. வீட்டில் ஒரே பேப்பரை வாங்கி, அது சொல்வதை மட்டும் நம்பிக்கொண்டிருப்பதைவிட, ஒரே நாளில் நாலு பேப்பரின் நாலு தாள் கையில் வந்து போவது எவ்வளவோ மேல்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உள்ளூர்ச் செய்தி வேறு, நாட்டுச் செய்தி வேறு என்று நினைத்துக்கொண்டு படித்தால் இரண்டுமே புரிவதில்லை. சொத்து வரி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற நகராட்சிகளுக்கு 2016 அக்டோபருக்குப் பிறகு மன்றமே கிடையாது, அதிகாரிதான் எல்லாம். 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்து, மார்ச் 2 அன்று கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் பிறந்ததும் வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. குடியிருப்பு வீடு என்றால் 600 சதுர அடிவரை 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கும் மேல் போனால் 100 சதவீதம். டீக்கடையில் பாதிப் பேர் "புதுசா வந்த கவுன்சிலருங்க வேலை இது" என்றார்கள், மீதிப் பேர் மாநில அரசைத் திட்டினார்கள், இன்னும் சிலர் டெல்லியைத் திட்டினார்கள். நூலக மேசையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. மாவட்டப் பக்கத்தில் நகர்மன்றத் தீர்மானம், இன்னொரு பேப்பரின் உள்பக்கத்தில் அரசு அறிவிப்பின் விவரம், கட்டுரைப் பக்கத்தில் 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை (மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கிற குழு அது). சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி வளர்கிற வேகத்துக்கு ஈடாக வரி வசூலும் கூட வேண்டும், அப்போதுதான் நகரங்களுக்கான மானியம் கிடைக்கும் என்பது அந்த நிபந்தனை. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு, யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. நிபந்தனை போட்டது ஓரிடம், எந்த அளவு வீட்டுக்கு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்தது இன்னோரிடம், தீர்மானம் போட்டது மூன்றாவது இடம். ஒட்டுமொத்தமாக "கவர்மெண்ட்" என்று திட்டுவதால் யாருக்கும் வலிப்பதில்லை.

என் கருத்து, உயர்வு தேவைதான், ஒரே அடியில் அவ்வளவு ஏற்றியது தவறு. பல ஆண்டுகள் தேர்தலும் நடத்தாமல், மன்றமும் இல்லாமல் ஊரை வைத்திருந்துவிட்டு, மன்றம் வந்ததும் முதல் வேலையாக வரியைத் தூக்கிக் கையில் கொடுத்தால், அந்த மன்றத்தின் மீது மக்களுக்கு எப்படி மதிப்பு வரும்? 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. 5 ஆண்டுக்கு ஒரு முறை நகராட்சித் தேர்தல் என்பது அதில் இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்காததுதான் எனக்குப் பெரிய செய்தி. ஆனால் அது முதல் பக்கத்தில் வந்த நாட்கள் மிகவும் குறைவு.

சொத்து வரியை அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால், அதாவது ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் கட்டினால், 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதையும் நான் இங்கே ஒரு மூலைச் செய்தியில்தான் பார்த்தேன். அதிகபட்சம் 5000 ரூபாய்வரை. எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை.

அதே வரி ரசீதில்தான் நூலக வரியும் இருக்கிறது, தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் 10 சதவீதம். நகராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டிய பணம் அது. இந்த ஏற்பாடு 1948-ஆம் ஆண்டு சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது, சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம். சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே, சோற்றுக்கே திண்டாடிய காலத்தில், நூலகத்துக்கென்று தனியாக ஒரு வரி போடலாம் என்று ஒரு மாகாணம் துணிந்தது. எனக்கு அதில் பெரிய பெருமை உண்டு. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் வந்தது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் வந்தது, இரண்டும் வரவேண்டியவைதான். ஆனால் சின்ன ஊர்க்காரன் தினமும் நடந்து போகிற நூலகம் இதுதானே. பல உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியைக் கொடுக்காமல் நிலுவை வைத்திருப்பதாக அடிக்கடி படிக்கிறோம். மக்கள் கட்டிய பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாததைவிட மோசமான உள்ளூர்ச் செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஆட்களைப் பற்றி. சத்தம் போடக் கூடாது என்று பலகை இருக்கிறது, அதனால் விவாதமெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் நடக்கும். தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக் கணக்கை வைத்து மக்களவைத் தொகுதிகளைத் திரும்பப் பிரிப்பது பற்றி அங்கே நடந்த பேச்சு அளவுக்கு நான் டிவியில் கேட்டதில்லை. வாத்தியார், "1971 கணக்கை வச்சு 39 தொகுதின்னு நிறுத்தி வச்சிருக்கான் தம்பி, 2026-க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பு வரைக்கும்தான் அந்தப் பூட்டு" என்று பூட்டைப் போட்ட 42-வது அரசியல் சட்டத் திருத்தம், அதை நீட்டித்த 84-வது திருத்தம் எல்லாவற்றையும் விரல் விட்டுச் சொன்னார். உரக்கடைக்காரர் அதற்கு ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "அது சரிங்கய்யா, 2011-க்கு அப்புறம் வந்த நம்ம நகருங்க எல்லாம் எந்தக் கணக்குல இருக்கு?" உண்மையிலேயே அதுதான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. 2011-க்குப் பிறகு 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுக்கப்படவில்லை, 2027 மார்ச் 1-ஐ அடிப்படையாக வைத்து எடுப்பதாக அரசிதழில் அறிவித்தார்கள். நிதிக்குழு மானியத்தைப் பங்கு போடப் பார்த்ததும் 2011 மக்கள்தொகையைத்தான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வயலாக இருந்த இடத்தில் இன்று தெருத் தெருவாக வீடுகள். அவர்களும் வரி கட்டுகிறார்கள், குப்பை வண்டிக்குக் காத்திருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கையில் இல்லை. கணக்கெடுப்பு தள்ளிப்போனதை நாங்கள் டெல்லிச் செய்தியாகப் படித்துக்கொண்டிருந்தோம், அது எங்கள் தெருவிளக்குச் செய்தியாகவும் இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் தொகுதி எண்ணிக்கை விகிதம் குறையக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு அதற்காகவே குரல் குறைவது நியாயமில்லை. அதற்காகக் கணக்கெடுப்பே தாமதமானால் நல்லது என்று மரத்தடியில் சிலர் சொன்னபோது மட்டும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

பத்து ரூபாய் நாணயக் கதையையும் சொல்ல வேண்டும். ரூபாய்க் குறியீடு இல்லாத நாணயம் செல்லாது என்று எங்கள் பக்கத்தில் பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் வாங்க மறுத்தார்கள் அல்லவா, ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாகச் சொல்லியும் பல ஊர்களில் நம்பவில்லை. நூலகர் அந்தச் செய்தியை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார், கீழே பேனாவால் பெரிய எழுத்தில் "செல்லும்" என்று எழுதியும் வைத்தார். பூக்கார அம்மா ஒருவர் பேரனை அழைத்துவந்து அதைப் படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்த நாணயங்களை எடுத்துச் செலவு செய்தார். வாட்ஸ்அப்பில் வந்த வதந்திக்கு அந்தப் பலகையில் ஒட்டிய ஒரு துண்டுத்தாள் பதில் சொன்னது. அந்த நூலகருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஒற்றை ஆளாக நோட்டு, புத்தகம், பேப்பர், பெருக்குகிற வேலைவரை பார்க்கிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, கழிப்பறை. பெண்களுக்கென்று தனியாகக் கிடையவே கிடையாது, இருக்கும் ஒன்றும் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. பேப்பர் பகுதியில் பெண்கள் குறைவாக வருவதற்கு இதுதான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன், குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வரும் பெண் பிள்ளைகள் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்துவிட்டது, ஊர்ச் செய்தி படிக்கும் அறையில் அவர்கள் உட்கார வசதி இல்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

இரண்டாவது, பேப்பரை வெட்டுவது. வேலைவாய்ப்பு அறிவிப்பை யாரோ பிளேடால் கட்டம் கட்டியதுபோல் வெட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள். ஒருமுறை அப்படி வெட்டிய இடத்தின் பின்பக்கத்தில் வாரச்சந்தைக் கட்டண ஏல அறிவிப்பு இருந்தது, தேதி இருக்கும் வரியே போய்விட்டது. வேலை தேடுகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, வாசலிலேயே ஒரு ஜெராக்ஸ் மெஷின் வைத்தால் இது நின்றுவிடும். மூன்றாவது, வாசல் படி உயரம், கைப்பிடி கிடையாது. தினமும் வருபவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

நாலாவது நூலகத்தின் குறை அல்ல, பேப்பர்களின் குறை. மாவட்டப் பக்கத்தில் விபத்து, கோயில் விழா, தலைவர் பிறந்தநாள் நலத்திட்டம் எல்லாம் நிறைய வருகிறது. நகர்மன்றக் கூட்டத்தில் பாதாள சாக்கடைக்குத் தோண்டிய தெருவை எப்போது மூடுவீர்கள் என்று கவுன்சிலர் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பது வருவதில்லை. "உறுப்பினர்கள் காரசார விவாதம்" என்று தலைப்பு மட்டும் இருக்கும். எங்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. கழிப்பறையைச் சரிசெய்தால் நாலரை தருவேன். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் வாரமே ஒரு நாள் காலையில் போய் உட்காருங்கள், எந்தத் தெருவில் தண்ணீர் வரும் வராது என்பதுவரை தெரிந்துகொள்ளலாம். வசதி உள்ளவர்கள் 1000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரலாம். வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் ஏரியா சபைக் கூட்டம் அடுத்து நடக்கும்போது, எங்கள் நகராட்சி நூலக வரி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு பாக்கி என்று எழுத்தில் கேட்கப் போகிறேன். மனுவில் எங்கள் வார்டுக்காரர்கள் இன்னும் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது, காலை 9 மணிவரை பேப்பர் மேசையில்தான் இருப்பேன்.