‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்

கீபோர்டு டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அந்த இரண்டு சொற்களைப் படிக்காததற்கு 2,600 ரூபாய் தண்டம் அழுதேன்.

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படகுக்காரர்களின் மனு, பட்டா விண்ணப்பம், முளைப்பாரி நோட்டீஸ் என்று நாள் முழுக்கத் தமிழ்99 என்கிற தமிழ் கீபோர்டு முறையில் தட்டுகிற கை. 2013-இல் வாங்கிய டிவிஎஸ் கோல்டு கீபோர்டுதான் இத்தனை நாளும் சோறு போட்டது. அது மெக்கானிக்கல், அதாவது ஒவ்வொரு கீக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த தனி சுவிட்ச் இருக்கும். டக் டக் என்று சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். போன ஐப்பசியில் வாடைக் காற்று தொடங்கியதும் அதில் ‘க’, ‘ட’ இரண்டும் ஒரு தட்டுக்கு இரண்டு தடவை விழ ஆரம்பித்தன. தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அதனால் மகன் ‘மக்கன்’ ஆனான், படகு ‘பட்டக்கு’ ஆனது. ஒரு பெரியவர் மனுவைத் தூக்கிப் பிடித்து, “என்னம்மா, என் படகை என்ன பண்ணி வச்சிருக்க?” என்றார்.

சரி, புதுசு வாங்கிவிடுவோம் என்று ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வெளியே வைத்திருந்த கீபோர்டைத் தட்டிப் பார்த்தேன், நல்ல சத்தம். “மெக்கானிக்கல்தான் அக்கா, ஆயுசுக்கும் உழைக்கும்” என்றான் கடைப் பையன். ப்ளூ சுவிட்சா என்று கேட்டதற்கு, “ப்ளூதான், பாருங்க” என்று கீபோர்டில் நீல விளக்கைப் போட்டுக் காட்டினான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுவிட்சின் நிறத்துக்கும் விளக்குக்கும் சம்பந்தமே கிடையாது. நீல சுவிட்ச் என்றால் தட்டும்போது ‘க்ளிக்’ என்று சத்தம் வருகிற வகை. பழுப்பு என்றால் சத்தம் குறைவு, விரலுக்கு ஒரு சின்னத் தடுக்கல் தெரியும். சிவப்பு நேராக இறங்கும். பையனுக்கு அது தெரியவில்லையோ, தெரிந்தே சொன்னானோ. உள்ளேயிருந்து சீல் போட்ட டப்பாவை எடுத்துக் கொடுத்தான். கையில் கனமாக இருந்தது, அதிலேயே மயங்கிவிட்டேன்.

ஏழு வாரம். ஷிப்ட் கீ அமுங்கினது அமுங்கினபடியே கிடந்தது. மேல் மூடியைப் பிடுங்கினேன்: ஸ்பிரிங் இல்லை, தனி சுவிட்ச் இல்லை, வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்று. பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள்ளே கொப்புளம் கொப்புளமாக ஒரு ரப்பர் விரிப்பு, அதற்கடியில் கோடு அச்சடித்த பிளாஸ்டிக் தாள். ஐநூறு ரூபாய் கீபோர்டில் இருக்கிற அதே சமாச்சாரம். ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்றால் தட்டுகிறபோது மெக்கானிக்கல் மாதிரி இருக்குமாம், அவ்வளவுதான். அடியில் கனத்துக்காக ஒட்டிய இரும்புத் தகடு, ஏழே வாரத்தில் அதன் ஓரமெல்லாம் துரு.

கடைக்காரர் அந்தத் துருவைத்தான் பிடித்துக்கொண்டார். “தண்ணி பட்டிருக்கும்மா, வாரண்டி வராது.” மண்டபத்தில் எதில்தான் துரு இல்லை? பாம்பன் பாலமே உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி நின்றதுதான். துருவைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகிறவளிடம் சொல்கிற பதிலா இது?

பில்லைக் காட்டலாம் என்று எடுத்தால் அது பில்லே இல்லை. மேலே ‘எஸ்டிமேட்’ என்று இருக்கிறது, ஜிஎஸ்டி எண் கிடையாது. நல்ல வேளை, பணத்தை ஃபோனில் அனுப்பியிருந்தேன். அந்தப் பதிவையும், கழற்றிப்போட்ட கீபோர்டின் படத்தையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்தேன். 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால், பழுதான பொருளை 30 நாளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படித்தான். எனக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது. இருந்தாலும் புகார் போனபிறகு கடைக்காரரே கூப்பிட்டு, “இதுக்குப் போய் ஏம்மா” என்று 1,500 ரூபாய் திருப்பித் தந்தார். முழுசாக வாங்காமல் விட்டதற்கு வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். கடையைப் பூட்டிவிட்டு யார் அலைவது?

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். பணம் கொடுக்கும் முன், உங்களுக்குத் தரப்போகிற டப்பாவையே பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு கீயின் மூடியைப் பிடுங்கிப் பாருங்கள். கூட்டல் குறி மாதிரித் தண்டு இருந்தால் மட்டும் போதாது, ரப்பர் கீபோர்டிலும் அப்படிச் செய்து ஏமாற்றுகிறார்கள். ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாகச் சதுரச் சுவிட்ச் இருக்கிறதா, அதன் தலையில் செர்ரி, கெய்ல், கேட்ரான் என்று ஏதாவது சுவிட்ச் கம்பெனியின் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோரம் இருப்பவர்கள் ஈயம் உருக்காமல் சுவிட்சைப் பிடுங்கி மாற்றுகிற ஹாட் ஸ்வாப் வகையை வாங்குவது நல்லது. கோடிக்கணக்கான தட்டு தாங்கும் என்று டப்பாவில் போடுவார்கள். அந்தக் கணக்கில் நம் ஊர் உப்பு சேராது.

பழைய கோல்டை டிவி ரிப்பேர் பார்க்கிற அண்ணனிடம் கொடுத்தேன். யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக், பாஸ் (Pause) கீ இரண்டின் சுவிட்சையும் ஈயம் உருக்கி எடுத்து ‘க’, ‘ட’ இடத்தில் வைத்துவிட்டார். கூலி 150 ரூபாய். அடுத்த மாதம் மதுரைக்குப் போகிறேன், புதுசு பார்க்க. கீ பிடுங்குகிற கம்பியைப் பையில் இப்போதே எடுத்து வைத்தாயிற்று.