பிள்ளைக்கு ஸ்கீ வாங்கப் போகிறவர்கள் கவனம்: 490 பிராங் போய்விட்டது

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரி, போடவில்லை. சூரிச்சுக்கு வெளியே இருக்கிற ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 490 பிராங் கொடுத்து மகளுக்கு ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) வாங்கினேன். இன்று காலை அவர்களின் கடைசிப் பதிலும் வந்துவிட்டது: காசு திரும்ப வராது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது, 148 செ.மீ. உயரம், நாற்பது கிலோ கூட இல்லை. ஸ்கீ பழகுவது இது இரண்டாவது குளிர்காலம். பள்ளிக்கூட முகாமுக்குச் சொந்தமாக ஒரு சோடி வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கடையில் நின்ற பையன் எங்கள் ஆள். நாங்கள் தமிழில் கதைத்ததைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்கள் ஊரில எவடம்?" என்று தானாகவே வந்தான். சாவகச்சேரி என்றேன். தன் அம்மாவும் அந்தப் பக்கம்தான் என்றான். அதற்குப் பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

பிள்ளையின் உயரத்தைக் கேட்டான். நிறையைக் கேட்கவில்லை, எவ்வளவு ஓடத் தெரியும் என்றும் கேட்கவில்லை. நேரே கழிவு விலைத் தட்டுக்குப் போய் ஒரு சோடியை எடுத்து வந்து மகளுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தான். நுனி அவளுடைய கம்பளித் தொப்பிக்கு மேலே நாலைந்து விரல் உயரத்தில் நின்றது. 160 செ.மீ. "நீளம் கூடவல்லோ தம்பி?" என்றேன்.

"வளருற பிள்ளைதானே அக்கா. இப்ப கட்டையா எடுத்தா வாற வருசம் திரும்பவும் காசு குடுக்கோணும். எங்கட ஆக்களுக்கு நான் பிழையாச் சொல்லுவனா?"

அந்தத் தட்டில் குட்டை அளவு ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டி வைத்து, விழும்போது கழர வேண்டிய பைண்டிங்கையும் அங்கேயே நின்றபடி திருகித் தந்தான். சோதிக்கிற இயந்திரத்தில் வைக்கவே இல்லை.

முகாம் ஃபுளூம்சர்பெர்க்கில். பழகுகிற பிள்ளைகள் ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, 'பிட்சா' போட்டுத்தான் வேகத்தை அடக்குவார்கள். ஸ்கீ நீளமாக இருந்தால் வேகமாகப் போகிறவருக்கு ஆட்டம் குறையும். ஆனால் திருப்புவதற்குப் பலமும் பழக்கமும் வேண்டும். இவளுக்கு விரிக்கவே முடியவில்லை. நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்திருக்கிறாள். பைண்டிங் கழரவில்லை. முழங்கால் திருகி வீங்கிவிட்டது. மலையில் வாடகைக் கடைக்காரர் பைண்டிங்கில் உள்ள சின்ன எண்ணைப் பார்த்துவிட்டு ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினாராம்: ஐந்தரை! எண் கூடினால் பைண்டிங் லேசில் கழராது. நாற்பது கிலோப் பிள்ளைக்கு, அதுவும் பழகுகிறவளுக்கு! வீக்கம் வற்றிய பிறகு கடைசி நாள் மட்டும் வாடகைக்கு எடுத்த 130 செ.மீ. ஸ்கீயில் ஓடினாள். அதில் திரும்பவும் முடிந்தது, நிற்கவும் முடிந்தது.

கடைக்குப் போன் எடுத்தேன். "பழகினாச் சரி வரும் அக்கா" என்றான். நேரில் போய் நின்றபோது அதே பையன் என்னோடு ஜெர்மனில் கதைத்தான்! அக்காவும் இல்லை, சாவகச்சேரியும் இல்லை. பொறுப்பாளர் வந்தார். அடிப்பக்கத்தில் கீறல் இருக்கிறதாம், கழிவு விலைச் சாமானாம், பைண்டிங்கை நாங்களே மாற்றவில்லை என்பதற்கு என்ன சாட்சியாம். தான் இரண்டு மீட்டர் ஸ்கீயில்தான் பழகினேன் என்று பெருமை வேறு. அது 1990களில் கார்விங் ஸ்கீ, அதாவது நடுப்பகுதி ஒடுங்கி, கட்டையாக இருந்தே சுலபமாகத் திரும்புகிற ஸ்கீ, பரவுவதற்கு முந்திய கதை ஐயா! சுவிஸில் கடையில் வாங்கியதைச் சும்மா திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் கிடையாது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். மின்னஞ்சல் போட்டேன். கடைசியில் 40 பிராங் வவுச்சர் தருகிறார்களாம். 490 பிராங்குக்கு 40!

நீளம் பார்ப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பழகுகிறவருக்கு ஸ்கீயை நிமிர்த்தினால் நுனி நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நிற்க வேண்டும். நன்றாக ஓடுகிறவர் நெற்றி வரை போகலாம், வேகக்காரர் தலை உயரம் வரை. நிறை குறைவென்றால் இன்னும் கட்டையாக எடுங்கள். 'வளர்வாள்' என்று யார் சொன்னாலும் நீளமாக எடுக்காதீர்கள். வளர்கிற பிள்ளைக்குக் குளிர்காலம் முழுவதுக்கும் எடுக்கிற பருவ வாடகை இருக்கிறது. பைண்டிங் எண்ணுக்கு நிறை, உயரம், வயது, ஓடுகிற திறன், சப்பாத்தின் அடிநீளம் எல்லாம் கேட்க வேண்டும். கேட்காமல் திருகினால் வெளியே வந்துவிடுங்கள். இயந்திரத்தில் சோதித்து, சோதித்ததற்கு அடையாளமாக பி.எஃப்.யூ. (சுவிஸ் விபத்துத் தடுப்பு நிலையம்) ஸ்கீ வின்யெட் என்கிற ஒட்டியை ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

சோடி வீட்டில்தான் இருக்கிறது. நன்றாக ஓடத் தெரிந்த, ஐந்தரை அடி உயரமுள்ள யாருக்காவது வேண்டுமென்றால் எழுதுங்கள். பைண்டிங்கை மட்டும் வேறொரு கடையில் சரிபார்த்துவிட்டுத்தான் தருவேன்.