சில்லறையை எண்ணாமல் கையில் கொடுத்துவிடாதீர்கள்: எனக்குப் போன 8,640 ரூபா

கை இன்னும் நடுங்குகிறது. ஆறின பிறகு எழுது என்று தங்கச்சி சொன்னாள். ஆறினால் நான் எழுத மாட்டேன், அதனால்தான் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். போனது 8,640 ரூபா. லட்சக்கணக்கில் ஏமாந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரியுங்கள். ஆனால் இது முழுக்கக் குத்திக் காசு, நாணயங்கள். ஒவ்வொன்றாக முப்பது வருடம் சேர்த்த காசு.

கடையின் பெயரைப் போடவில்லை. ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கையில் இல்லாமல் பெயர் போட்டால், நாளைக்கு வழக்கு என் மேல்தான் வரும். திருகோணமலை நகரத்துக்குள் இருக்கிற ஒரு பெரிய பலசரக்குக் கடை, மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறவர்கள். அவ்வளவுதான் சொல்வேன். இப்படியான காசு உங்களிடம் இருந்தால் என்ன செய்யலாம் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

அப்பா பஸ் நிலையப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். காலையில் மான்கள் வந்து வாசலில் நிற்கும், வாழைப்பழத் தோலைப் போடுவார். கல்லாவில் ஏதாவது வித்தியாசமான குத்தி விழுந்தால் அதை மிச்சக்காசாகக் கொடுக்க மாட்டார். பழைய பால்மா டின்னுக்குள் போட்டுவிடுவார். போன வருடம் அவர் போய்விட்டார். இந்த வியாழக்கிழமை முதலாவது திவசம். "டின்னுக்குள்ள கிடந்து என்ன செய்யப் போகுது, அவரின்ர காசு அவரின்ர காரியத்துக்கே போகட்டும்" என்று அம்மாதான் சொன்னா.

நானும் தங்கச்சியும் பாயை விரித்து இரண்டு தரம் எண்ணினோம். 20 ரூபாக் குத்தி 212, 10 ரூபா 380, 5 ரூபா 120. மொத்தம் 8,640.

எண்ணும்போதுதான் அப்பா எதையெல்லாம் சேர்த்திருக்கிறார் என்று தெரிந்தது. ஏழு பக்கம் உள்ள 20 ரூபாவில் மத்திய வங்கியின் 70 ஆவது ஆண்டுக்கு அடித்தது இருக்கிறது, கொழும்பு மருத்துவ பீடத்தின் 150 ஆவது ஆண்டுக்கு அடித்தது இருக்கிறது, குடிசன மதிப்பீட்டின் 150 ஆவது ஆண்டுக்கு அடித்ததும் இருக்கிறது. சுதந்திரத்தின் 50 ஆவது ஆண்டுக்கு 1998 இல் வந்த, நடுவில் ஒரு நிறமும் சுற்றிவர இன்னொரு நிறமுமான 10 ரூபா. 1987 இல் வீடற்றோருக்கான உறைவிட ஆண்டுக்கு வந்த சதுரமான 10 ரூபா. உலகக் கிண்ணம் வென்றதற்கு 1999 இல் வந்த 5 ரூபா. இவற்றுக்குள் ஒரு சின்னத் திருநீற்றுப் பை. அதில் 2013 என்று பொறித்த 10 ரூபாக்கள், மாவட்டத்துக்கு ஒன்று. நாட்டில் 25 மாவட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்தி வெளியிட்டார்கள். அப்பாவிடம் 23 இருந்தது. மொனராகலையும் கேகாலையும்தான் இல்லை. திருகோணமலைக் குத்தியில் ஜன்னலுக்கு அடித்த பச்சைப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார், தவறிப் போய்ச் செலவழித்துவிடக் கூடாது என்று.

நல்ல காலம், 1957 இல் புத்த ஜயந்திக்கு வந்த வெள்ளி 5 ரூபா ஒன்றை அம்மா சாமியறையில் வைத்துவிட்டா. அதுவும் டின்னுக்குள் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

இந்தக் காசைச் செலவழிக்க நான் பட்ட பாடு வேறு கதை. பேக்கரியில் 1998 குத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக் காசு வேண்டாம் அண்ணா என்று அந்தப் பிள்ளை திருப்பித் தந்தாள். அதில் பத்து ரூபா என்று எழுதியிருக்கிறது, இலங்கை என்று எழுதியிருக்கிறது. நிலாவெளி பஸ்ஸில் கண்டக்டர் சதுரக் குத்தியைப் பார்த்துவிட்டு, "இது கேரம் போர்ட் காயா அண்ணை?" என்றான். பஸ்ஸே சிரித்தது. ஒரு வங்கியில் கேட்டேன், இன்றைக்குக் கூட்டம், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கட்டிக் கொண்டு வாருங்கள் என்றார்கள். திவசத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. தமிழ்நாட்டிலும் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்று கடைக்காரர்கள் நின்று, 2018 இல் இந்திய ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட வேண்டி வந்தது. சனங்கள் கண்ணுக்குப் பழகாத காசை நம்புவதில்லை. அந்தப் பயத்தில்தான் இந்த ஆட்களுக்குப் பிழைப்பு.

போன வியாழக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி வெளியே வந்து கையைப் பிடித்தார். "உங்கட அப்பாட தேத்தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவன் தம்பி நான்" என்றார். கதிரை போட்டார், பொடியனை அனுப்பிப் பிளேன்ரீ எடுப்பித்தார். செத்தவீட்டுக்கு வந்ததையும் நினைவுபடுத்தினார். உண்மைதான், வந்தவர். சாமான் பட்டியலைக் கொடுத்தேன். அரிசி, பருப்பு, சீனி, நல்லெண்ணெய், உழுந்து என்று கல்குலேட்டரில் தட்டி ஒரு அட்டைத் துண்டில் எழுதினார். 8,635 வந்தது. திருநீற்றுப் பை இல்லாமல் என்னிடம் இருந்தது 8,410. அதனால் அந்தப் பையையும் எடுத்து வைத்தேன். 230 ரூபாவும் சேர, கணக்குச் சரி.

இதில் என் மடத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கேட்கவே இல்லை. நானாகவே பையைத் திறந்து காட்டினேன். இது மாவட்டக் குத்தி முதலாளி, 23 இருக்கு, மொனராகலையும் கேகாலையும்தான் இல்லை, பாருங்கோ எங்கட ஊர்க் குத்திக்கு அப்பா பச்சைப் பொட்டு வைச்சிருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். லண்டனில் இருக்கிற மச்சான் சொன்ன கதையையும் அவிழ்த்துவிட்டேன். அங்கே 2009 இல் கியூ பூங்காவின் படத்தோடு வந்த 50 பென்ஸ் குத்தி 2,10,000 தான் அடித்தார்களாம், இப்போது அதைச் சேகரிப்பவர்கள் நூறு பவுணுக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். முதலாளி "அப்பிடியா, அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கள்ளனுக்கு நானே விளக்குப் பிடித்திருக்கிறேன்.

பிறகு சொன்னார்: "பையை வைச்சிட்டுப் போங்க தம்பி. இப்ப ஆக்கள் நிக்கினம். கடை பூட்டின பிறகு ஆறுதலா எண்ணுவம். சாமானை நாளைக்குக் காலமை ஓட்டோவில அனுப்பிவிடுறன்." நான் சரி என்றேன். துண்டு கேட்கவில்லை. அப்பாவைத் தெரிந்த மனிசனிடம் எப்படித் துண்டு கேட்பது? இந்த வெட்கத்துக்குத்தான் 8,640 ரூபா கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஓட்டோ வரவில்லை. போன் எடுத்தேன். பொடியன் எண்ணிக்கொண்டிருக்கிறான், இன்றைக்குப் பத்திரகாளி அம்மன் கோயில் சனம், கடையில் நிற்க நேரமில்லை என்றார். பின்னேரம் எடுத்தேன், எடுக்கவில்லை. சனிக்கிழமை நேரே போனேன். இந்தத் தரம் கதிரை இல்லை. "வங்கியில குடுத்துப் பார்த்தம், எடுக்க மாட்டம் எண்டிட்டாங்கள். பாதிக்கு மேல செல்லாத காசு தம்பி" என்றார். எந்த வங்கி என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, மகனுக்குத்தான் தெரியுமாம். மகன் எங்கே? கிண்ணியா போயிருக்கிறார். எப்போது வருவார்? தெரியாது. அப்படியானால் என் காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "அது கல்லாவில கலந்து போச்சே. உங்களுக்காகப் பாதி விலைக்கு எடுக்கிறன், 4,320 ரூபாவுக்குச் சாமான் தாறன்."

செல்லாத காசு கல்லாவில் எப்படிக் கலக்கும்? அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

திங்கட்கிழமை திரும்பப் போனேன். முதலாளி தலை நிமிரவில்லை, கல்லாவில் நின்ற பொடியன்தான் கதைத்தான். "அண்ணா, எவ்வளவு குடுத்தனீங்க எண்டு யார் எண்ணினது?" என்றான். நான் 8,640 என்றேன். "உங்கட வீட்டில எண்ணினது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். கடையில் நின்ற ஆட்கள் என்னை ஏதோ கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். சாமான் எழுதிய அட்டைத் துண்டைக் கேட்டேன். குப்பையில் போட்டாச்சாம்.

இத்தோடு முடிந்திருந்தால் ஏமாந்தவன் ஏமாந்தான் என்று விட்டிருப்பேன். நேற்று இரவு தங்கச்சி பேஸ்புக்கில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள், பழைய காசு வாங்கி விற்கிற குழு ஒன்றில். "10 ரூபா மாவட்டக் குத்தி 23, மொனராகலை, கேகாலை மட்டும் இல்லை, விலை 4,500." படத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பச்சைப் பொட்டு.

தங்கச்சி வேறு நம்பரில் இருந்து போன் போட்டாள். ஒரு பொடியன் எடுத்து, கடைக்கு வந்து பார்த்து எடுங்கள் என்று வழி சொன்னான். அதே கடை. செல்லாத காசு என்று எனக்குச் சொன்னது, 230 ரூபாக் காசு, 4,500 ரூபாவுக்கு! மிச்ச 8,410 ரூபாவை என்ன செய்தார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை, என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்கடைக்காரருக்கே அந்தக் கடையில் இருந்து நேற்று ஏழு பக்கக் குத்தியாக மிச்சக்காசு வந்திருக்கிறது. வாங்கியும் கொண்டார்.

இன்று காலை பொலிஸுக்குப் போனேன். முதல் கேள்வியே, பற்றுச்சீட்டு இருக்கிறதா? இல்லை. எண்ணிக் கொடுத்ததற்குச் சாட்சி? இல்லை. அவர்கள் கேட்டதிலும் பிழை இல்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினேன், எழுதி எடுத்தார்கள். வெளியே வந்து முதலாளிக்குப் போன் செய்து பச்சைப் பொட்டைப் பற்றிச் சொன்னேன். "ஊரில எத்தினை பேர் குத்திக்குப் பெயின்ட் அடிப்பாங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் விளம்பரமும் இல்லாமல் போய்விட்டது.

விளக்கமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். காசை அங்கேயே, அவர்கள் கண்ணுக்கு முன்னால் எண்ணிக் கொடுங்கள், எத்தனை பேர் பின்னால் நின்றாலும் பரவாயில்லை. துண்டு வாங்காமல் பையை விட்டு வராதீர்கள், தெரிந்த ஆள் என்றால் இரண்டு துண்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட காசு என்றால் வடிவம் எப்படி இருந்தாலும் அதில் போட்டிருக்கிற பெறுமதிக்குச் செல்லும். செல்லாது என்று யாராவது சொன்னால் திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள், நான் கேட்காமல் விட்ட மாதிரி விடாதீர்கள். கடைக்காரர்கள் பற்றி முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, நானும் நாளைக்கு எடுக்கப் போகிறேன். அப்புறம், உங்களிடம் என்ன அபூர்வக் குத்தி இருக்கிறது என்று கடையில் நின்று பெருமை பேசாதீர்கள்.

வியாழக்கிழமை திவசம். சாமானைப் பெட்டிக்கடைக்காரரிடம் கடனுக்கு எடுத்தாச்சு. அம்மாவிடம் பச்சைப் பொட்டு பற்றி இன்னும் சொல்லவில்லை. அந்தக் குத்தியை யாராவது வாங்கியிருந்தால் உள்பெட்டியில் ஒரு வார்த்தை போடுங்கள், கேட்கிற விலையைத் தந்து நான் திருப்பி வாங்குகிறேன்.