ஈஆர்பியிலிருந்து ரிஸ்க் கன்சல்டிங்குக்கு: எஃப்ஆர்எம் எவ்வளவு கைகொடுக்கும்?

ஈஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல், விற்பனையை ஒன்றாக நடத்தும் மென்பொருள்) ஃபைனான்ஸ் மாட்யூலில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, கன்சல்டிங்கை விடாமல் ரிஸ்க் பிராக்டிஸுக்கு (நிதி ஆபத்துகள் பற்றி ஆலோசனை சொல்லும் பிரிவுக்கு) மாறியவள் நான். அதற்காகத்தான் கார்ப் (GARP) என்ற சர்வதேச ரிஸ்க் நிபுணர் அமைப்பு நடத்தும் எஃப்ஆர்எம் (ஃபைனான்ஷியல் ரிஸ்க் மேனேஜர்) தேர்வை எழுதினேன். இரண்டு பகுதியும் முடித்தாயிற்று. என்னைப் போல பிராக்டிஸ் மாற நினைப்பவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே வங்கியின் ரிஸ்க் பிரிவில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

முதல் பகுதியில் நான்கு மணி நேரத்தில் 100 கேள்விகள். இரண்டாவதில் அதே நேரத்தில் 80. முதல் பகுதியில் 60 சதவீதம் நிதிச் சந்தையும் மதிப்பீட்டு மாடல்களும்தான். புள்ளியியல் 20 சதவீதம். நம் ஆட்கள் திணறுவது இங்கேதான். பற்றும் வரவும் பைசா சுத்தமாக நேராக வேண்டும் என்று பழகியவர்களுக்கு, நாளைய நஷ்டம் ஒரே எண்ணாக இல்லாமல் நிகழ்தகவுப் பரவலாக நிற்பது மனதில் ஏறவே நாளாகும். இந்தப் பகுதிக்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

ஆனால் கடன் ரிஸ்க் பாடத்துக்கு வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாங்கியவர் தவறும் வாய்ப்பு, தவறினால் எத்தனை பங்கு திரும்பாது, அந்த நேரத்தில் எவ்வளவு பாக்கி நிற்கும்: மூன்றையும் பெருக்கினால் எதிர்பார்க்கும் இழப்பு. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேச கணக்கியல் விதி, பணம் வராமல் போகும்வரை காத்திருக்காமல் இந்த இழப்பை முன்கூட்டியே கணக்கில் காட்டச் சொல்கிறது. வாடிக்கையாளர் பாக்கிக்கு எளிய வழியும் அதில் உண்டு: 30 நாள், 60 நாள், 90 நாள் என்று தாமதத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு இழப்பு விகிதம் வைக்கலாம். அதாவது ஏஜிங் ரிப்போர்ட்! கிளையன்ட் கிளையன்டாக நான் அமைத்துக் கொடுத்தது அதைத்தானே.

வங்கிகளுக்கு சர்வதேச விதிகள் வகுக்கும் பாசல் குழு 2013இல் வெளியிட்ட பிசிபிஎஸ் 239 (ரிஸ்க் டேட்டாவைத் திரட்டி அறிக்கை தருவது பற்றிய விதிகள்) நம் வேலைக்கு இன்னும் நெருக்கம். 2008 நெருக்கடியின்போது, ஒரே நிறுவனத்திடம் மொத்தம் எவ்வளவு மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பல பெரிய வங்கிகளால் சட்டென்று கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த விதிகள் இவை. அறிக்கையில் உள்ள எண் எந்த டேபிளிலிருந்து கிளம்பி, எங்கே மாறி, எப்படி இங்கே வந்தது என்று துலக்குவது ஈஆர்பிகாரருக்குக் கைவந்த வேலை. ரிஸ்க் டீமில் என்னை முதலில் சேர்த்துக்கொண்டதும் இப்படி ஒரு டேட்டா புராஜெக்டுக்குத்தான். தேர்வு எனக்கு அவர்கள் பேசும் பாஷையைக் கொடுத்தது. இடம் பிடித்துக் கொடுத்தது பழைய வேலை.

பிராக்டிஸை நடத்தும் பார்ட்னர் மார்க் பார்ப்பதில்லை. இந்த ஆளை எந்த கிளையன்டிடம் நாளைக்கே அனுப்பலாம் என்றுதான் பார்ப்பார். பழைய அனுபவத்தை ரிஸ்க் வேலையோடு இணைத்துச் சொல்ல முடியாதவருக்கு, எஃப்ஆர்எம் ரெஸ்யூமில் ஒரு வரிதான்.

அனலிஸ்ட், சீனியர் கன்சல்டன்ட் நிலையில் இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மேனேஜர் ஆனவர்கள் தேர்வுக்கு முன்னால் ரிஸ்க் பக்கம் ஒரு பார்ட்னரின் ஆதரவைத் தேடுவது நல்லது. அந்த நிலையில் உங்களை கிளையன்ட் உறவை வைத்து எடைபோடுவார்கள். பருவநிலை ரிஸ்க் பக்கம் போகிறவர்களுக்கு கார்ப் தனியாக எஸ்சிஆர் தேர்வு நடத்துகிறது.

என் யோசனை: முதல் பகுதியை முடித்தவுடனே ரிஸ்க் டீமில் ஒரு டேட்டா புராஜெக்ட் கேளுங்கள். இரண்டாம் பகுதியை அங்கிருந்தபடியே படிக்கலாம். இரண்டு வருட சம்பந்தப்பட்ட வேலை அனுபவம் காட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், அந்தக் கணக்கும் சீக்கிரம் ஓட ஆரம்பிக்கும்.