கல்வி ஆய்வுக்கு நூல் தேடல்: வன்னியிலிருந்து சில வருட அனுபவம்

வட இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கல்வி முதுமாணிக்கு நான் எடுத்த தலைப்பு, இரண்டு மூன்று தரத்துப் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் ஒன்றாக இருத்திக் கற்பிக்கும் வகுப்புகள். வன்னியில் இது ஒன்றும் புதினமில்லை. பட்டம் முடிந்த பிறகும் தேடுகிற பழக்கம் விடவில்லை. டிப்ளோமா செய்கிறவர்கள் ஒப்படை நேரத்தில் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அதிகம் பாவித்தது எரிக். 1960களில் தொடங்கியது, இப்போது அமெரிக்கக் கல்வித் திணைக்களம் நடத்தும் கல்வித்துறைத் தரவுத்தளம். காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரில் எல்லாத் துறையும் கலந்து வந்து கொட்டும். இங்கே கல்வி மட்டும்தான். தேடல் பெட்டியோடு இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். ஒன்று துறைசார் ஆய்வாளர்கள் மதிப்பிட்டவற்றை மட்டும் காட்டும், மற்றது முழுக் கட்டுரையும் எரிக்கிலேயே இருப்பவற்றை மட்டும் காட்டும். டேட்டாவை அளந்து பாவிக்கிற நம்மைப் போன்றவர்கள் இரண்டாவதை முதலில் அழுத்துவது நல்லது. பதிவு எண் ஈடி என்று தொடங்கினால் அறிக்கை, மாநாட்டுக் கட்டுரை போன்றவை. பலவற்றுக்குப் பீடிஎஃப் அங்கேயே கிடைக்கும். ஈஜே என்றால் ஆய்விதழ்க் கட்டுரை. அநேகமாகச் சுருக்கத்தைக் காட்டிவிட்டு வெளியீட்டாளரிடம் அனுப்பும், அங்கே போனால் டொலரில் விலை போட்டிருக்கும். அந்தக் கட்டத்தில் கட்டுரைத் தலைப்பை ஸ்கொலரில் போட்டு, கீழே உள்ள எல்லாப் பிரதிகளையும் திறந்து பாருங்கள். எழுதியவர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக ஏற்றிவைத்திருப்பது உண்டு. அதுவும் இல்லாவிட்டால் அவருக்கே ஒரு மின்னஞ்சல். வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்குப் பலர் மறுநாளே அனுப்பியிருக்கிறார்கள்.

எரிக்கின் உண்மையான பலம் அதன் பொருட்சொற்கள். நமக்குத் தோன்றியதைப் போட்டுத் தேடினால் பாதிதான் வரும். அவர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே மாதிரியான சொற்களை ஒட்டிவைக்கிறார்கள். என் தலைப்புக்கு அது ‘மல்ட்டிகிரேடட் கிளாஸஸ்’. பொருத்தமான கட்டுரை ஒன்று அகப்பட்டதும் அதன் பதிவில் உள்ள சொல்லை அழுத்தினால் அந்த இனம் முழுக்க வரிசையாக வந்துவிடும். பக்கவாட்டில் இடவாரியாகப் பிரித்திருக்கும் பட்டியலில் இலங்கையைத் தெரிவு செய்தால் இன்னும் சுருங்கும். இந்த வழியில் போய்த்தான், லண்டன் பல்கலைக்கழகத்து அஞ்சலா லிட்டில், தென்னமெரிக்காவின் பேரு நாட்டோடும் வியட்நாமோடும் இலங்கையையும் சேர்த்து நடத்திய ஆய்வுகளை அறிந்தேன். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் பாதி அதை வைத்தே நின்றது. ஒரு எச்சரிக்கை: 2025இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தில் நடந்த ஆட்குறைப்பிலும் நிதிவெட்டிலும் எரிக்கும் அடிபட்டது. பழையவை இருக்கின்றன, புதியவற்றுக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

தமிழில் என்றால், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடி ஏற்றிவைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளம்தான், வேறு பேச்சில்லை. 2005இல் தொடங்கியது. பலருக்குத் தெரியாத ஒரு விசயம், பல சஞ்சிகைகளின் பக்கத்தில் உள்ளடக்கத்தையும் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். ஆகவே இதழின் பெயர் தெரியாவிட்டாலும் கட்டுரைத் தலைப்பில் வரக்கூடிய ஒரு சொல்லைப் போட்டால் வந்து நிற்கும். அகவிழி போன்ற ஆசிரியர் சஞ்சிகைகளை நான் அங்கேதான் படித்தேன். பாடசாலை மலர்களையும் விடாதீர்கள். இடம்பெயர்வுகளில் வன்னிப் பாடசாலைகள் பலவற்றின் சம்பவத் திரட்டுப் புத்தகமே போய்விட்டது. பழைய அதிபர் யார், எந்த வருடம் எந்தத் தரம் வரை இருந்தது என்பதற்கெல்லாம் ஏதோ ஒரு விழா மலரின் அதிபர் அறிக்கைதான் இப்போது ஆதாரம். குறை என்றால், வருடிய பக்கங்கள் என்பதால் பீடிஎஃப் கனம் கூட. சிக்னல் இல்லாத ஊரில் இருந்து இறக்கப் பார்த்தால் பொழுது போய்விடும். நான் கிளிநொச்சி டவுனுக்குப் போகிற நாளில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே இறக்கிவிடுவேன்.

தரவுகளுக்குக் கல்வி அமைச்சின் பாடசாலைத் தொகைமதிப்பு அறிக்கை போதும். அடைவு மட்டம் பற்றி எழுதுகிறவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் ஆய்வு, மதிப்பீட்டு மையமான நெரெக் வெளியிடும் தேசிய மதிப்பீடுகளைப் பார்க்கலாம். உள்ளூர் ஆய்விதழ்களுக்குத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கிறது. கல்விக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இவ்வளவும் சொன்ன பிறகு மனக்குறையைச் சொல்லத்தான் வேண்டும். பேருவில் ஒரு மலைக்கிராம வகுப்பறை பற்றி மல்லாவியில் இருந்து வாசிக்கலாம். எங்கள் துணுக்காய்க் கல்வி வலயத்துப் பாடசாலை பற்றி நம் ஆசிரியர் ஒருவர் எழுதிய ஆய்வை வாசிக்க முடியாது. டிப்ளோமாவுக்கும் முதுமாணிக்கும் வருடாவருடம் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். அது புத்தகமாகக் கட்டப்பட்டு, ஒரு பிரதி படித்த இடத்து நூலகத்துக்குப் போகிறது, அத்தோடு சரி. ஒரு நூலகத்தில் கணினிப் பட்டியலில் தேடி ஒன்றுமில்லாமல் திரும்பிப் போகப் பார்த்தேன். நூலகர்தான் கூப்பிட்டார். “ரீச்சர், பதிவில இருக்காது, உள்ளுக்குக் கிடக்கும், வந்து பாருங்கோ.” உள்ளே ஓர் இரும்பு அலுமாரி. நீல றெக்சின் அட்டைகள், முதுகில் வருடமும் சுட்டெண்ணும் மட்டும். தலைப்பு அறிய ஒவ்வொன்றாக இழுத்துத் திறக்க வேண்டும். கீழ்த்தட்டில் கறையான் ஏறிய தடம். திறந்த மூன்றாவதோ நான்காவதோ, என் தலைப்பிலேயே, பக்கத்து வலயத்தில் செய்தது! இன்னோர் இடத்தில் போட்டோக்கொப்பி எடுக்க விடவில்லை, கையால் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அதனால் எந்த நூலகத்துக்குப் போனாலும் பட்டியலை நம்பாமல் நூலகரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மேற்பார்வையாளரிடமும் முன்னைய மாணவர்களின் தலைப்புகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பார்க்கிற ஆய்வுகளின் தலைப்பு, வருடம், எந்த நூலகத்தில் எந்த அலுமாரி என்பதை எக்செலில் போட்டு வருகிறேன், கேட்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் ஆய்வின் பீடிஎஃப்பையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. எங்கள் பாடசாலையிலேயே இன்னொருவரிடம் அவருடையதைக் கேட்டால், “அதில எழுத்துப் பிழை கிடக்கு ரீச்சர், திருத்திப்போட்டுத் தாறன்” என்கிறார். மூன்று தவணை போய்விட்டது.