வியாசர்பாடி படிப்பகத்துக்கு ஒரு மின்னூல் செயலி: எலக்ட்ரானா, டாரியா, பிரவுசரா?

வியாசர்பாடி தெருப் படிப்பகங்களுக்கு வரும் பிள்ளைகளின் கணினிகள் ஒரே மாதிரி இருக்காது. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ், அண்ணனுடையதில் விண்டோஸ், அபூர்வமாக ஒரு மேக். பெரிய நிறுவனங்களின் மின்னூல் செயலிகளோ லினக்ஸைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மின்னூல்களைச் சேர்த்து வைத்துப் படிக்க உதவும் காலிபர் மென்பொருள் பிறந்த கதையும் இதுதான். 2006-ல் சோனியின் பிஆர்எஸ்-500 என்ற மின்னூல் படிக்கும் கருவிக்கு லினக்ஸில் மென்பொருள் இல்லாததால் கோவித் கோயல் தானே எழுத ஆரம்பித்தார்.

இன்று நாமே எழுதுவதானால், இணையப்பக்கம் எழுதும் முறையிலேயே கணினிச் செயலி செய்ய உதவும் எலக்ட்ரான் சுலபம். தோரியம் ரீடர் என்ற மின்னூல் செயலி அதில் செய்ததுதான். குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியத்தையே கூட எடுத்து வருவதால் மூன்று இயங்குதளத்திலும் பக்கம் ஒரே மாதிரி தெரியும். ஆனால் 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் திணறிவிடும்.

அதே வேலைக்கான இன்னொரு கருவியான டாரியில் செயலி சில எம்பிக்குள் அடங்கும். காரணம், அந்தந்தக் கணினியில் இருக்கும் வெப்வியூவையே, அதாவது செயலிக்குள் இணையப்பக்கம் காட்டும் பகுதியையே, அது பயன்படுத்துகிறது. விண்டோஸில் குரோமியம், மேக்கிலும் லினக்ஸிலும் சஃபாரி பிரவுசரின் அடிப்படையான வெப்கிட். அதனால் தமிழில் வரி எங்கே உடைகிறது, பக்கம் எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். புது டாரி கேட்கும் வெப்கிட் பதிப்பு பழைய லினக்ஸில் கிடைக்காது. நம் பிள்ளைகள் கையில் இருப்பதே அந்தப் பழைய லினக்ஸ்தான்.

என் ஓட்டு பிரவுசருக்கு. படிப்பகத்தில் ஒரே ஒரு கணினியில் காலிபரின் கன்டென்ட் சர்வரை ஓடவிட்டால் போதும், மற்றவர்கள் வைஃபை வழியே பிரவுசரில் படிக்கலாம். 2022-ல் வந்த காலிபர் 6 முதல் 32 பிட் கணினிகளுக்கு இடமில்லை, சரி, ஆனால் சர்வர் ஒன்று மட்டும் 64 பிட்டாக இருந்தால் போதுமே. பிரவுசர் மட்டும் ரொம்பப் பழசாக இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஈபப் வடிவ மின்னூல் கோப்பை இறக்கிக்கொண்டு போனால், லினக்ஸில் ஃபோலியட், விண்டோஸில் தோரியம் செயலியில் படிக்கலாம்.

சொந்தமாக எழுதும் ரீடரில், எந்த வழியானாலும், தேடலைக் கவனியுங்கள். 'கொடி'யில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் நூலில் ஒன்றும் தேடலில் மற்றொன்றும் இருந்தால், கண்ணெதிரே உள்ள சொல்லையே இல்லை என்று சொல்லிவிடும். ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி எனும் சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி வேலை.

நகலெடுக்க முடியாதபடி மின்பூட்டுப் போட்ட நூல்களைத் தொட வேண்டாம், உரிமையை மீறும் நோக்கில் அந்தப் பூட்டை உடைப்பதைத் தண்டிக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு இருக்கிறது. 1998 முதல் மதுரைத் திட்டம் இலவசமாகத் தரும் நூல்களை முதலில் ஏற்றுங்கள்.