கிளாண்டைக், ஸ்பைடர், ஃப்ரீசெல்: யோசித்து ஆட எது?

தனியாக ஆடும் சீட்டாட்டமான சாலிட்டேர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஏழு வரிசை ஆட்டமான கிளாண்டைக். இணையத்தில் அதன் பக்கத்திலேயே ஸ்பைடரும் ஃப்ரீசெல்லும் கிடைக்கும். மூளைக்கு வேலை வேண்டும் என்றால் நான் ஃப்ரீசெல்லைத்தான் சொல்வேன். அதில் எல்லாச் சீட்டும் முதலிலிருந்தே கண்முன் இருக்கும்.

கிளாண்டைக்கில் தொடக்கத்தில் 21 சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும், 24 சீட்டுகள் எடுத்து ஆடும் கட்டில் இருக்கும். கறுப்பு ஒன்பது ஒன்று, அதன் மேல் வைக்கச் சிவப்பு எட்டு இரண்டு. எதை எடுப்பது? அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? மும்மூன்றாகச் சீட்டு எடுக்கும் முறையில், எல்லாச் சீட்டும் தெரிந்திருந்தால் சுமார் 82 சதவீத ஆட்டங்களை முடிக்கலாம் என்று கணினியில் கணக்கிட்டிருக்கிறார்கள். தெரியாமல் ஆடும் நமக்கு அவ்வளவு கிடைக்காது.

ஸ்பைடர் இரண்டு கட்டு, 104 சீட்டு. ஒரே இனத்தில் (ஸ்பேடு மட்டும் என்பதுபோல) ஆடினால் பொழுதுபோக்கு, நாலு இனத்தில் ஆடினால் கடும் சோதனை. பாடுபட்டு ஒழுங்குபடுத்திய பத்து வரிசை மேலும் புதிதாகப் பத்துச் சீட்டு வந்து விழும், அதுவும் ஐந்து முறை. அது எனக்குப் பொறுக்காது.

ஃப்ரீசெல்லில் எட்டு வரிசை, அறைக்கு ஒரு சீட்டாகத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க நாலு காலி அறை. அறைகளைச் சும்மா நிரப்பிவிடக் கூடாது என்பதுதான் ஆட்டத்தின் உயிர். நாலும் காலியாக இருந்தால் வரிசையான ஐந்து சீட்டுகளை ஒரே மூச்சில் நகர்த்தலாம். நாலும் நிரம்பினால் ஒன்றே ஒன்றுதான். இரண்டு அறையோடு ஒரு வரிசையும் காலியாக இருந்தால் இன்னொரு வரிசைக்கு ஆறு! நேற்று ஒரு ஆட்டத்தில் அடியில் கிடந்த ஸ்பேடு ஏஸை எடுக்கும் அவசரத்தில் மிச்சமிருந்த மூன்று அறைகளையும் நிரப்பிவிட்டேன். ஏஸ் மேலே போனது, ஆட்டம் அதோடு நின்றது. பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், சிவப்பு ஏழை முதலில் நகர்த்தியிருந்தால் ஓர் அறை மிஞ்சியிருக்கும்.

இந்தப் பின்னோக்கும் பொத்தானும் கிளாண்டைக்கில் வேறு மாதிரி. அங்கே அது கவிழ்ந்த சீட்டை எட்டிப் பார்க்கும் வழியாகிவிடுகிறது. ஃப்ரீசெல்லில் மறுபடி யோசிக்க மட்டுமே உதவும்.

அப்புறம், ஆட்ட எண். பழைய விண்டோஸ் ஃப்ரீசெல்லில் எண் இட்ட 32,000 ஆட்டங்கள் இருந்தன. 1990களில் தன்னார்வலர்கள் அவற்றைப் பங்கு போட்டு ஆடினார்கள். யாராலும் முடிக்க முடியாமல் மிஞ்சியது 11982 என்ற எண்ணுள்ள ஆட்டம் ஒன்றுதான். அதே எண்களை ஏற்கும் தளத்தில் ஆடினால் நண்பரும் நீங்களும் ஒரே ஆட்டத்தை எடுத்து, யார் எங்கே மாட்டிக்கொண்டோம் என்று பேசலாம்.

சரி, புதிதாகத் தொடங்குகிறீர்களா? முதல் சீட்டைத் தொடும் முன் நாலு ஏஸும் எந்த வரிசையில், எவ்வளவு ஆழத்தில் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.